முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர்: ஒன்றுபோலத் தெரிந்து காலைவாரும் இங்கிலீஷ் வார்த்தைகள்

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தவர், கரூரில் அடுத்தவர் பெயரில் பெட்ஷீட் அனுப்பிக்கொண்டிருந்தவர், பொள்ளாச்சியில் தென்னைநார் போடுபவர் என்று யாருக்காவது முதன்முறையாக நேரடி ஆர்டர் வந்தால், சரக்கைப் பொறுத்தவரை அவர் பெரிதாகத் தடுமாறுவதில்லை. பேப்பரில்தான் தடுமாற்றம். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதுதான் கதி. அகராதியில் ஒரே அர்த்தம் காட்டும் இரண்டு வார்த்தைகள் எக்ஸ்போர்ட் பேப்பரில் வேறு வேறு செலவுகளையும் வேறு வேறு தேதிகளையும் குறிக்கும். அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இங்கே யாருக்கும் நேரம் கிடையாது. பேங்க், கஸ்டம்ஸ் புரோக்கர், ஆடிட்டர் என்று மூன்று இடத்திலும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சேர்த்தது இது. ஆர்டர் வேலை எந்த வரிசையில் நகருமோ அதே வரிசையில் எழுதுகிறேன், அந்தந்தக் கட்டத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மெயிலில் வருவது: நோட்டட், அப்ரூவ்டு, டென்டடிவ்

பையருக்காக, அதாவது வாங்குபவருக்காக, இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஆபீஸில் இருந்து "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்று பதில் வந்தால், நீங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும்தான் பொருள். சம்மதித்தார்கள் என்று எடுத்துக்கொண்டு துணியை வெட்டிவிடாதீர்கள். "அப்ரூவ்டு" என்ற வார்த்தை எழுத்தில் வர வேண்டும், எந்த ஸ்டைல், எந்தக் கலர், எந்த சாம்பிள் என்பதோடு சேர்த்து வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

"அப்ரூவ்டு சப்ஜெக்ட் டு டெஸ்ட் ரிப்போர்ட்" என்று வந்தால் அதுவும் முழு சம்மதம் ஆகாது. டெஸ்ட் ரிப்போர்ட் பாஸாகும்வரை அந்த ‘அப்ரூவ்டு’ தொங்கலில்தான் இருக்கும். "அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்" என்றால் கமெண்ட்டைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடரலாம், திருத்தியதைத் திரும்ப அனுப்ப வேண்டுமா என்பதை மட்டும் ஒரு வரியில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த பொறி அளவு. ‘புரொஜெக்‌ஷன்’ என்றும் ‘டென்டடிவ் குவான்டிட்டி’ என்றும் வருவது வெறும் கணிப்பு. அதை நம்பி நூல் புக் செய்தால், ஆர்டர் பாதியாகும்போது மீதி நூல் உங்கள் குடோனில்தான் உட்கார்ந்திருக்கும். முன்கூட்டியே நூல் வாங்கியாக வேண்டிய நிலை என்றால், மீதியானால் அந்தச் செலவு யாருடையது என்று மெயிலில் எழுதி வாங்கிவிட்டு வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

2. சாம்பிள் பெயர்களைக் கலக்காதீர்கள்

லேப் டிப் என்பது சாயம் போட்ட சின்னத் துண்டு, கலர் பார்க்க. ஸ்ட்ரைக் ஆஃப் என்பது பிரிண்ட் அடித்துக் காட்டும் துண்டு. புரோட்டோ சாம்பிள் டிசைன் எப்படி வருகிறது என்று பார்க்க, ஃபிட் சாம்பிள் உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க, சைஸ் செட் எல்லா சைஸும் அளவுக்கு வருகிறதா என்று பார்க்க. இவை எல்லாம் தாண்டி, நிஜத் துணி, நிஜ நூல், நிஜ லேபிளோடு தைப்பது பி.பி. சாம்பிள், அதாவது புரொடக்‌ஷனுக்கு முந்தையது.

இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபிட் அப்ரூவல் வந்துவிட்டது என்று பல்க் கட்டிங், அதாவது முழு ஆர்டருக்குமான துணி வெட்டு, போடக்கூடாது, பி.பி. அப்ரூவல் வந்த பிறகுதான் போட வேண்டும். கூரியர் செலவு இந்தக் கட்டத்தில் நினைப்பதைவிட ஏறும். பையரின் கூரியர் அக்கவுண்ட் நம்பரைக் கேளுங்கள், பலர் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொடுப்பதில்லை.

3. விலை சொல்லும்போது: எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ., சி.ஐ.எஃப்.

மூன்றும் விலைக்குப் பக்கத்தில் எழுதும் மூன்றெழுத்துகள்தான், ஆனால் செலவு எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. சர்வதேச வணிகச் சபை வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் 2020 தொகுப்பில் இப்படி மொத்தம் 11 உண்டு, நம் ஊரில் புழங்குவது இந்த மூன்று நான்குதான்.

எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் ஆபத்தும் உங்களுடையது. லாரி வாடகை, கஸ்டம்ஸ் புரோக்கர் கூலி, துறைமுகச் செலவு எல்லாம் உங்கள் விலைக்குள் இருக்க வேண்டும். பையர் சொல்லும் ஃபார்வர்டர்தான் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்பவர்) வேலை பார்ப்பார் என்றால் அவருடைய உள்ளூர் கட்டணப் பட்டியலை விலை சொல்வதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள். சின்னக் கன்சைன்மெண்டில் அந்தக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும்.

‘எஃப்.ஓ.பி. திருப்பூர்’ என்று கொட்டேஷன் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நொய்யலில் கப்பல் வராது. எஃப்.ஓ.பி.க்குப் பின்னால் தூத்துக்குடி, கொச்சி, சென்னை என்று துறைமுகத்தின் பெயர்தான் வர வேண்டும். பையருடைய ஆளிடம் திருப்பூரிலேயே சரக்கை ஒப்படைத்துவிட்டுக் கை கழுவ வேண்டும் என்றால் அதற்குப் பெயர் எஃப்.சி.ஏ. திருப்பூர்.

சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நீங்கள் கட்டுகிறீர்கள். அங்கே போய்ச் சேரும்வரை பொறுப்பும் நம்முடையது என்று நினைப்பது பொதுவான தவறு. செலவுதான் அதுவரை உங்களுடையது, ஆபத்து இங்கேயே கப்பலில் ஏறியதும் பையருக்குப் போய்விடும். இன்சூரன்ஸ் குறைந்தது விலையில் 110 சதவீதத்துக்கு எடுக்க வேண்டும். டி.டி.பி. என்று யாராவது கேட்டால், அந்த நாட்டு இறக்குமதி வரியும் உங்கள் தலையில்தான். முதல் ஆர்டரில் அதன் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

4. மூன்று பேப்பர்: கொட்டேஷன், புரொஃபார்மா இன்வாய்ஸ், கமர்ஷியல் இன்வாய்ஸ்

கொட்டேஷன் விலை சொல்வது. புரொஃபார்மா, இன்னின்ன சரக்கை இன்ன விலைக்கு இன்ன நிபந்தனையில் அனுப்பப் போகிறேன் என்று முன்கூட்டியே கொடுப்பது. பையருடைய பேங்க் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், கேட்ட பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று பேங்க் கொடுக்கும் உறுதி) திறக்க இதைத்தான் பார்க்கும், அதனால் இதில் நீங்கள் எழுதும் சரக்கு விவரம் அப்படியே எல்.சி.யில் போய் உட்காரும், பிறகு கமர்ஷியல் இன்வாய்ஸிலும் அதற்கு ஒத்துத்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே புரொஃபார்மாவில் விவரத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். ‘100% காட்டன் நிட்டெட் மென்ஸ் டி-ஷர்ட்ஸ்’ போதும். நீளமாக எழுதினால் ஒவ்வொரு வார்த்தையும் பின்னால் ஒரு பிழைக்கு இடம்.

கமர்ஷியல் இன்வாய்ஸ் என்பது அனுப்பும்போது போடும் உண்மையான பில். புரொஃபார்மாவை நம்பி கஸ்டம்ஸிலோ ஜி.எஸ்.டி.யிலோ எதையும் செய்ய முடியாது.

5. ஆர்டர் ஷீட்டில் தேதியும் எண்ணிக்கையும்

எக்ஸ் ஃபேக்டரி டேட், ஷிப்மெண்ட் டேட், டெலிவரி டேட் என்று மூன்று தேதிகள் வரும், சில ஷீட்டில் ஒன்றுதான் இருக்கும், அது எது என்று எழுதியிருக்காது. எக்ஸ் ஃபேக்டரி என்பது சரக்கு உங்கள் கேட்டைத் தாண்டும் நாள். ஷிப்மெண்ட் என்பது கப்பலில் ஏறும் நாள். டெலிவரி என்பது பையருடைய இடத்துக்குப் போய்ச் சேரும் நாள். கேட்டைத் தாண்டுவதற்கும் கப்பல் ஏறுவதற்கும் நடுவில் லாரிப் பயணம், கஸ்டம்ஸ், கப்பல் கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம்) எல்லாம் இருக்கிறது, ஒரு வாரத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலை ஒட்டி என்றால் இன்னும் கூடுதலாக. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்பதை எந்த ஆர்டர் ஷீட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

பீஸ், செட், பேக் மூன்றும் வேறு. மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்தது ஒரு செட், ஆனால் இரண்டு பீஸ். மூன்று பனியன் ஒரு பாலிபேக்கில் போனால் ஒரு பேக். 5,000 என்று மட்டும் போட்டு எதன் 5,000 என்று எழுதாத ஆர்டருக்கு விலை சொல்லாதீர்கள்.

கார்ட்டன் பேக்கிங்கில் ‘சாலிட்’ என்றால் ஒரு பெட்டியில் ஒரே கலர், ஒரே சைஸ். ‘அசார்ட்டட்’ என்றால் சொன்ன விகிதத்தில் கலந்து போட வேண்டும். பேக்கிங் கூலி இரண்டாவதில் கூடும், அதை விலையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். பேக்கிங் லிஸ்டில் கிராஸ் வெயிட் பெட்டியோடு சேர்ந்த எடை, நெட் வெயிட் பெட்டி இல்லாமல், நெட் நெட் வெயிட் என்று கேட்டால் பாலிபேக்கும் கழித்து வெறும் துணியின் எடை.

6. பதிவுகள்: இவற்றை ஆர்டர் வருவதற்கு முன்பே முடியுங்கள்

ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி இறக்குமதி எண். மத்திய அரசின் வெளிநாட்டு வணிக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். பான், முகவரிச் சான்று, கேன்சல் செய்த செக் அல்லது பேங்க் சான்றிதழ் போதும். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்கள் உண்டு, தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், தளத்தில் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் விட்டுவிட்டால் எண் முடங்கிவிடும்.

ஏ.டி. கோட் என்பது உங்கள் பேங்க் கிளையின் எண். ஐ.இ.சி. வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, சரக்கு துறைமுகத்துக்குப் போன பிறகு இதைத் தேடுபவர்கள் அதிகம். பேங்கில் கடிதம் வாங்கி, எந்தத் துறைமுகம் வழியாக அனுப்பப் போகிறீர்களோ அங்கே கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளம் மூலம் பதிய வேண்டும். தூத்துக்குடிக்குப் பதிந்தது கொச்சிக்குச் செல்லாது.

ஜி.எஸ்.டி.யில் ‘ஜீரோ ரேட்டட்’, ‘நில் ரேட்டட்’, ‘எக்செம்ப்ட்’ மூன்றிலும் வரி பூஜ்யம்தான். ஆனால் ஏற்றுமதி ஜீரோ ரேட்டட், அதாவது நூலுக்கும் சாயத்துக்கும் நீங்கள் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். மற்ற இரண்டிலும் கேட்க முடியாது. உங்கள் கணக்குப்பிள்ளை ரிட்டர்னில் தவறான கட்டத்தில் போட்டுவிட்டால் ரீஃபண்ட் சிக்கிக்கொள்ளும்.

வரி கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி. 11 படிவம், கட்டணம் இல்லை. மார்ச் 31-ஓடு காலாவதி, ஏப்ரலில் புதிதாகப் போட வேண்டும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியும் வட்டியும். ஆகவே இன்வாய்ஸை ரொம்ப முன்னாடியே போட்டு வைக்காதீர்கள்.

7. எல்.சி. கைக்கு வந்ததும்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஒரு பிரிண்ட் எடுத்து, ஸ்கேலும் பேனாவும் வைத்து வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலான எல்.சி.கள் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவை, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. கீழே சொல்லும் அர்த்தங்கள் அதில் இருப்பவை. பேசும்போது அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று பேங்க் பார்க்காது.

ஷிப்மெண்ட் தேதிக்கு ‘ஃப்ரம்’, ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘பிட்வீன்’ என்று வந்தால் சொன்ன தேதியும் சேர்ந்தது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று வந்தால் அந்தத் தேதி சேராது. ஜூலை 15 ‘அன்டில்’ என்றால் 15-ஆம் தேதி ஏற்றலாம், ‘பிஃபோர்’ என்றால் 14-ஓடு சரி. ‘ஆன் ஆர் அபௌட்’ ஜூலை 15 என்றால் 10 முதல் 20 வரை. மாதத்தின் ‘ஃபர்ஸ்ட் ஹாஃப்’ 1 முதல் 15 வரை, ‘பிகினிங்’ 1 முதல் 10, ‘மிடில்’ 11 முதல் 20, ‘எண்ட்’ 21 முதல் கடைசி நாள். ‘இமீடியட்லி’, ‘பிராம்ப்ட்’ என்று எழுதியிருந்தால் பேங்க் அதைக் கண்டுகொள்ளாது.

பணம் வரும் தேதிக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே ‘ஃப்ரம்’, ‘ஆஃப்டர்’ இரண்டிலும் சொன்ன தேதி சேராது. பி.எல். (கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங்) தேதி ஜூன் 10, ‘90 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்’ என்றால் ஜூன் 11-ஐ முதல் நாளாக வைத்து எண்ணி செப்டம்பர் 8. ‘அட் சைட்’ என்றால் பேப்பர் சரியாக இருந்தால் உடனே பணம். ‘யூசன்ஸ்’ என்றால் இப்படி நாள் கணக்கு, அதுவரை நூல் கடைக்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் என்ன பதில் சொல்வது என்பதை யோசித்து வட்டியை விலையில் சேர்த்திருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு முன்னால் ‘அபௌட்’ அல்லது ‘அப்ராக்ஸிமேட்லி’ இருந்தால் 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் அது எந்த எண்ணுக்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டும். எண்ணிக்கைக்கு முன்னால் இருந்து தொகைக்கு முன்னால் இல்லாவிட்டால், கூடுதலாக அனுப்பிய சரக்குக்குப் பணம் வராது. ‘அபௌட்’ இல்லாவிட்டாலும் 5 சதவீதம் சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது கிலோ, மீட்டர் கணக்கில் போகும் சரக்குக்கு. பீஸ் கணக்கில் போகும் நம் பனியனுக்கு அது கிடையாது. செக்கிங்கில் பீஸ் கழிவது திருப்பூரில் புதிதில்லை, 10,000 வெட்டி 9,800 தேறும். ‘பார்ஷியல் ஷிப்மெண்ட் நாட் அலவ்டு’ என்றும் போட்டிருந்தால் அந்த 200 பீஸ் குறைவே டிஸ்கிரிபன்சி, அதாவது எல்.சி.யோடு ஒத்துப்போகாத குறை. ஆகவே தொகைக்கும் எண்ணிக்கைக்கும் தனித்தனியாக டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று, எழுதச் சொல்லுங்கள். எல்.சி.யில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண் போட்ட கட்டம் இருக்கும்; கட்டம் 39 ஏ தொகையைப் பற்றியது மட்டும், எண்ணிக்கைக்கானது சரக்கு விவரம் வரும் 45 ஏ-யில் இருக்க வேண்டும்.

‘பார்ஷியல் ஷிப்மெண்ட்’ சரக்கைப் பல தடவையாக அனுப்புவது, ‘டிரான்ஷிப்மெண்ட்’ வழியில் கப்பல் மாற்றுவது. தூத்துக்குடியிலிருந்து போகும் பல பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறுகின்றன, அதனால் அது ‘அலவ்டு’ என்று இருப்பது நிம்மதி.

‘அட்வைசிங் பேங்க்’ என்பது எல்.சி. உண்மையானதுதான் என்று பார்த்து உங்களிடம் சேர்க்கும் பேங்க், பணத்துக்கு அது பொறுப்பில்லை. ‘கன்ஃபர்மிங் பேங்க்’ தானும் பணம் தர உறுதி கொடுக்கிறது. கட்டம் 49-இல் ‘வித்தவுட்’ என்றிருந்தால் அந்த இரண்டாவது உறுதி இல்லை. பெயர் தெரியாத நாட்டுச் சின்ன பேங்க் திறந்த எல்.சி. என்றால் கன்ஃபர்மேஷன் கேளுங்கள், அதற்குக் கட்டணம் உண்டு, யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டணம் பற்றிய கட்டம் 71 டி-யில் பொதுவாக அந்த நாட்டுக்கு வெளியே ஆகும் செலவெல்லாம் ‘பெனிஃபிஷியரி’ கணக்கில் என்றிருக்கும். பெனிஃபிஷியரி நீங்கள்தான், அப்ளிகண்ட் பையர்.

‘இன்ஸ்பெக்‌ஷன் சர்டிஃபிகேட் சைன்டு பை அப்ளிகண்ட்’ஸ் ரெப்ரசென்டேடிவ்’ என்ற வரி இருந்தால், அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்குப் பணம் இல்லை. எல்.சி. என்று பெயர், ஆனால் சாவி பையர் கையில். எடுக்கச் சொல்லுங்கள், அல்லது யார் அந்த ஆள், எப்போது வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

திருத்தம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாகக் கேளுங்கள், ஒவ்வொரு அமெண்ட்மெண்டுக்கும் கட்டணம். வந்த அமெண்ட்மெண்டில் பாதியை மட்டும் ஏற்க முடியாது, ஒன்று முழுதாக ஏற்க வேண்டும், இல்லை மறுக்க வேண்டும்.

8. சரக்கு ஏறும்போது: ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங்

ஷிப்பிங் பில் கஸ்டம்ஸுக்கு நீங்கள் கொடுப்பது, புரோக்கர் ஐஸ்கேட்டில் போடுவார், டிராபேக் (மூலப்பொருளில் ஏறிய வரியை கஸ்டம்ஸ் திருப்பித் தருவது) கேட்பதும் எல்.யூ.டி. விவரமும் அதில்தான். பில் ஆஃப் லேடிங் என்பது கப்பல் கம்பெனி உங்களுக்குக் கொடுப்பது. இரண்டிலும் ‘பில்’ இருப்பதால் பேங்க் ஒன்றைக் கேட்க ஆள் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடக்கிறது.

பி.எல்.-இல் ‘ரிசீவ்டு ஃபார் ஷிப்மெண்ட்’ என்று மட்டும் இருந்தால் யார்டில் வாங்கிவைத்தார்கள், அவ்வளவுதான். ‘ஷிப்டு ஆன் போர்டு’ என்று தேதியோடு இருக்க வேண்டும், எல்.சி.யின் கட்டம் 44 சி-யில் இருக்கும் கடைசித் தேதி அந்தத் தேதியோடுதான் ஒப்பிடப்படும். எஃப்.ஓ.பி. என்றால் ‘ஃப்ரைட் கலெக்ட்’, சி.ஐ.எஃப். என்றால் ‘ஃப்ரைட் பிரீபெய்ட்’ இருக்கிறதா என்று டிராஃப்டிலேயே பாருங்கள். டிராஃப்டில் திருத்த ஒரு மெயில் போதும், ஒரிஜினல் வந்த பிறகு திருத்தக் கட்டணமும் நாளும் போகும்.

‘கன்சைனி’ சரக்குக்கு உரியவர், ‘நோட்டிஃபை பார்ட்டி’ சரக்கு வந்தது என்று தகவல் சொல்லப்பட வேண்டியவர். விமானத்தில் அனுப்பும்போது ரொம்ப கவனம். ஏர்வே பில் உரிமைப் பத்திரம் கிடையாது, கன்சைனியாக யார் பெயர் இருக்கிறதோ அவர் ஒரிஜினல் பேப்பர் இல்லாமலே சரக்கை எடுத்துப் போய்விடலாம். பணம் வருவதற்கு முன் போகும் சரக்கென்றால், அந்த நாட்டு பேங்க்கின் சம்மதம் வாங்கி அதன் பெயரைக் கன்சைனியாகப் போட்டு, பையரை நோட்டிஃபை பார்ட்டியாக வையுங்கள்.

9. பேப்பரை பேங்கில் கொடுக்கும் வாரம்

எல்.சி.யில் இரண்டு கெடு ஓடுகிறது. ‘பீரியட் ஃபார் பிரசென்டேஷன்’ ஷிப்மெண்டில் இருந்து எண்ணுவது, எதுவும் எழுதாவிட்டால் 21 நாள். ‘எக்ஸ்பைரி’ எல்.சி.க்கே காலாவதி. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் பேப்பர் போய்ச் சேர வேண்டும். எக்ஸ்பைரி நாள் பேங்க் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாள் வரை செல்லும். ஆனால் ஷிப்மெண்ட் கடைசி நாள் விடுமுறையில் வந்தாலும் தள்ளிப் போகாது. கட்டம் 31 டி-யில் எக்ஸ்பைரி நடக்கும் இடம் இந்தியாவா பையருடைய நாடா என்று பாருங்கள். அங்கே என்றால் கூரியர் போகும் நாளையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

‘இன் டூப்ளிகேட்’, ‘இன் டூ காப்பீஸ்’ என்றால் ஒன்று ஒரிஜினலாக இருந்து மீதி நகலாக இருக்கலாம். ‘டூ ஒரிஜினல்ஸ்’ என்றால் இரண்டுமே ஒரிஜினல். சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜினில் (சரக்கு எந்த நாட்டில் செய்தது என்ற சான்றிதழ்) ‘பிரிஃபரென்ஷியல்’, அதாவது வரிச் சலுகைக்கானது, கேட்டிருந்தால் சாதாரணச் சான்றிதழ் போதாது. ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தங்கள் 2022-இலிருந்து நடப்பில் இருக்கின்றன, அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பையருக்கு வரிச் சலுகை.

பேங்க் பேப்பர் பார்க்க 5 வேலைநாள்வரை எடுக்கலாம். ‘டிஸ்கிரிபன்சி’ என்று பட்டியல் வந்தால் பதற வேண்டாம். கெடு பாக்கியிருந்தால் திருத்தி மறுபடி கொடுக்கலாம், அதற்காகத்தான் கடைசி நாள்வரை இழுக்காமல் பி.எல். வந்த இரண்டு மூன்று நாளில் கொடுக்கச் சொல்வது. திருத்த முடியாததென்றால் பையரிடம் ‘வெய்வர்’ கேட்க வேண்டும், குறையைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வது அது. பையர் வெய்வர் கொடுத்துவிட்டார் என்ற மெயிலைக் காட்டி நிம்மதியாகிவிடாதீர்கள், அவருடைய பேங்க் அதை ஏற்றுக்கொண்டு தகவல் அனுப்பும்வரை அடுத்த ஆர்டருக்கு அந்தப் பணத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். யூசன்ஸ் எல்.சி.யில் அந்தத் தகவலுக்குப் பெயர் ‘அக்செப்டன்ஸ்’, அதில் பணம் வரும் தேதியும் இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து எல்.சி. ஃபைலில் வைத்துவிட்டு, தேதி நீங்கள் எண்ணி வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.